திருச்சிராப்பள்ளி வானில் வால்வெள்ளியின் இருப்பிடம் கண்டறிதல்

வால்வெள்ளியின் இருப்பிடம் கண்டறிதல் என்பது, ஒரு வால்வெள்ளி (வால் நட்சத்திரம், தூமகேது) குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட ஊரின் வானத்தில் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் காணப்படும் என்பதைக் கணித்து அறிதல் ஆகும். இதற்கு மூன்று தரவுகள் தேவை. அவை வால்வெள்ளியின் சுற்றுப்பாதை, காண்பவரின் புவியியல் இருப்பிடம், காணும் நேரம் ஆகியன. இவற்றுள் ஒன்று தவறினாலும் வால்வெள்ளியைத் தவறவிட நேரும். இக்கட்டுரை திருச்சிராப்பள்ளியையும் அதன் வடக்கே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தீவாக அமைந்த திருவரங்கத்தையும் (ஸ்ரீரங்கம்) எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகிறது.

இருப்பிடம் மாறுவதன் காரணம்

விண்மீன்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறாதவைபோலத் தோன்றுகின்றன. எனவே ஒருமுறை அச்சிட்ட விண்மீன் வரைபடம் பல ஆண்டுகளுக்குப் பயன்படும். கோள்கள் இடம் மாறுகின்றன. ஆனால் அவற்றின் இயக்கம் பன்னெடுங்காலமாக அவதானிக்கப்பட்டு வருவதால் பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே குறிக்க முடிகிறது. வால்வெள்ளிகளுக்குப் பஞ்சாங்கத்தில் இடமில்லை. அவற்றுள் பல, கண்டுபிடிக்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன்புவரை எவராலும் அறியப்படாதவை.

வால்வெள்ளியின் தோற்ற இயக்கத்தில் இரண்டு இயக்கங்கள் கலந்துள்ளன. ஒன்று, வால்வெள்ளி ஞாயிற்றைச் சுற்றி வரும் இயக்கம். கெப்லரின் விதிப்படி அது ஞாயிற்றை நெருங்கும்போது விரைவாகவும் விலகும்போது மெதுவாகவும் செல்லும். மற்றொன்று, புவி ஞாயிற்றைச் சுற்றும் இயக்கம். இவ்விரண்டும் சேர்வதால், புவிக்கு அருகில் வரும் வால்வெள்ளி ஒரே நாளில் பல பாகைகள் (டிகிரிகள்) நகரக்கூடும். முழுநிலவின் அகலம் ஏறத்தாழ அரைப் பாகை ஆகும். எனவே நேற்றைய இருப்பிடத்தைக் கொண்டு இன்று தேடுபவர், நிலவின் அகலத்தைப்போலப் பத்து மடங்கு தொலைவு தள்ளித் தேட நேரலாம்.

இவை தவிர, புவி தன் அச்சில் சுழல்வதால் வானம் முழுவதும் கிழக்கிலிருந்து மேற்காக மணிக்கு 15 பாகை நகர்வதுபோலத் தோன்றுகிறது. இது விண்மீன்களுக்கும் வால்வெள்ளிக்கும் பொதுவானது.

வானக ஆள்கூறுகள்

வானில் ஒரு பொருளின் இருப்பிடத்தைக் குறிக்க இரு வகை ஆள்கூறுகள் பயன்படுகின்றன.

முதல் வகை, எல்லா ஊர்களுக்கும் பொதுவானது. புவியின் நெட்டாங்கு, அகலாங்கு போன்று வானக்கோளத்திலும் இரு எண்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. அகலாங்குக்கு ஒப்பானது நடுவரை விலக்கம். இது வான நடுவரையிலிருந்து வடக்கே நேர் எண்ணாகவும் தெற்கே எதிர் எண்ணாகவும் பாகையில் அளக்கப்படும். நெட்டாங்குக்கு ஒப்பானது வல ஏற்றம். இது 0 முதல் 24 வரை மணிக் கணக்கில் அளக்கப்படும்.

இரண்டாம் வகை, அந்தந்த ஊருக்கும் நேரத்துக்கும் உரியது. தொடுவானத்திலிருந்து மேல்நோக்கி அளக்கும் கோணம் உயரக்கோணம் ஆகும். தொடுவானம் 0 பாகை, தலைக்கு மேல் உச்சி 90 பாகை. வடக்கிலிருந்து கிழக்கு வழியாக அளக்கும் கோணம் திசைக்கோணம் ஆகும். கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270 பாகை.

வானியல் அட்டவணைகள் பெரும்பாலும் முதல் வகை எண்களையே தருகின்றன. ஆற்றங்கரையில் நின்று வானத்தைப் பார்ப்பவருக்குத் தேவைப்படுவன இரண்டாம் வகை எண்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதே கணிப்பின் கடைசிப் படி ஆகும்.

சுற்றுப்பாதைக் கூறுகள்

ஒரு வால்வெள்ளியின் சுற்றுப்பாதையை ஆறு எண்களால் முழுமையாகக் குறிப்பிடலாம்.

1. வால்வெள்ளி ஞாயிற்றுக்கு மிக அருகில் வரும் நேரம்.
2. அப்போது ஞாயிற்றிலிருந்து அதன் தொலைவு. இது வானியல் அலகில் தரப்படும். ஒரு வானியல் அலகு ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர்.
3. பாதையின் வட்டவிலகல். இது 1-க்குக் குறைவாயின் பாதை நீள்வட்டம். 1 எனில் பரவளைவு. 1-க்கு மிகுதியாயின் அதிபரவளைவு.
4. புவியின் சுற்றுப்பாதைத் தளத்துடன் வால்வெள்ளியின் பாதைத் தளம் கொள்ளும் சாய்வு.
5. வால்வெள்ளி அத்தளத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கும் இடத்தின் (ஏறு கணு) கோணம்.
6. ஏறு கணுவிலிருந்து ஞாயிற்றண்மைப் புள்ளி வரையுள்ள கோணம்.

ஒரு தடவை அவதானித்தால் கிடைப்பவை இரண்டு எண்களே: வல ஏற்றமும் நடுவரை விலக்கமும். வால்வெள்ளி எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை ஒரு பார்வையால் அறிய இயலாது. ஆறு தெரியாத எண்களைக் காண ஆறு தரவுகள் வேண்டும். எனவே வெவ்வேறு நேரங்களில் குறைந்தது மூன்று அவதானிப்புகள் தேவை. பாதையைப் பரவளைவு எனக் கொண்டால் தெரியாத எண்கள் ஐந்தாகக் குறையும். அப்போதும் இரண்டு அவதானிப்புகள் போதா. செருமானிய வானியலாளர் ஓல்பர்சு 1797-இல் வால்வெள்ளிகளின் பரவளையப் பாதையைக் கணிக்கும் எளிய முறையை வெளியிட்டார். 1801-இல் கண்டுபிடிக்கப்பட்டுப் பின் தொலைந்துபோன சியரீசு என்ற சிறுகோள், கணிதவியலாளர் காவுசின் கணிப்பைக் கொண்டே மீண்டும் கண்டறியப்பட்டது.

சென்னை வானாய்வகமும் 1872-ஆம் ஆண்டு வால்வெள்ளியும்

மூன்றாவது அவதானிப்பு கிடைக்காவிடில் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உள்ளது.

பீலா வால்வெள்ளி ஏறத்தாழ 6.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஞாயிற்றைச் சுற்றி வந்தது. 1846-இல் அது இரண்டாகப் பிளவுபட்டுக் காணப்பட்டது. 1852-இல் இரு துண்டுகளும் திரும்பி வந்தன. அதன் பின்னர் அது காணப்படவில்லை. 1872 நவம்பர் 27 அன்று, அவ்வால்வெள்ளியின் பாதையைப் புவி கடந்தபோது, ஆயிரக்கணக்கான எரிமீன்கள் பொழிந்தன. அவை அந்திரொமேடா விண்மீன் குழுவின் திசையிலிருந்து வருவனபோலத் தோன்றின.

செருமனியின் கோட்டிங்கன் நகரில் இருந்த வானியலாளர் கிளிங்கர்ஃபியூசு, வால்வெள்ளியே புவியை உரசிச் சென்றிருக்க வேண்டும் எனக் கருதினார். அவ்வாறாயின் அது எரிமீன்கள் வந்த திசைக்கு நேர் எதிர்த் திசையில் விலகிச் செல்ல வேண்டும். அத்திசை தென்வானில் செந்தாரசு விண்மீன் குழுவில் உள்ள தீட்டா என்ற விண்மீனுக்கு அருகில் அமைந்தது. அதன் நடுவரை விலக்கம் ஏறத்தாழ −36 பாகை. கோட்டிங்கனின் அகலாங்கு 51.5 பாகை வடக்கு. அங்கு அவ்விடம் தொடுவானத்திலிருந்து இரண்டு மூன்று பாகைக்கு மேல் உயராது. 13 பாகை வடக்கில் உள்ள சென்னையிலோ 40 பாகைக்கு மேல் உயரும். எனவே அவர் சென்னை வானாய்வகத்தின் அரசு வானியலாளர் நார்மன் ராபர்ட் போக்சனுக்குத் தந்தி அனுப்பி, அவ்விடத்தில் தேடுமாறு கேட்டுக்கொண்டார்.

வடகிழக்குப் பருவமழைக் காலமாதலால் முதலில் மேகம் மறைத்தது. திசம்பர் தொடக்கத்தில் அடுத்தடுத்த இரு விடியற்காலைகளில் வானம் தெளிந்தபோது, போக்சன் குறிப்பிட்ட பகுதியில் ஒரு வால்வெள்ளியைக் கண்டு அதன் இருப்பிடத்தை அளந்தார். பின்னர் மேகம் மீண்டும் மூடியது. மூன்றாவது அளவீடு கிடைக்கவில்லை. வேறு எவரும் அதனைக் காணவில்லை.

இரண்டு இருப்பிடங்களை மட்டும் கொண்டு அதன் பாதையை வரையறுக்க இயலவில்லை. அது பீலா வால்வெள்ளியாக இருக்க முடியாது என்பது பின்னர் வந்த ஆய்வுகளின் முடிவு. எனினும் அது எங்கிருந்து வந்தது, எங்கே சென்றது என்பது இன்றும் அறியப்படாதது. அதன் பெயர் எக்ஸ்/1872 எக்ஸ்1 என்பதாகும். முன்னால் உள்ள 'எக்ஸ்', நம்பத்தகுந்த சுற்றுப்பாதை கணிக்கப்படாத வால்வெள்ளி என்பதைக் குறிக்கும். பின்னால் உள்ள 'எக்ஸ்', திசம்பர் மாதத்தின் முதற்பாதியைக் குறிக்கும்.

இருப்பிட அட்டவணை

சுற்றுப்பாதை தெரிந்தபின், ஒவ்வொரு நாளுக்கும் வால்வெள்ளியின் வல ஏற்றமும் நடுவரை விலக்கமும் கணித்து அட்டவணையாக வெளியிடப்படுகின்றன. இவ்வட்டவணை எபிமெரிசு எனப்படும். அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் கீழ் இயங்கும் சிறுகோள் மையம் உலகெங்கும் இருந்து வரும் அவதானிப்புகளைத் திரட்டிச் சுற்றுப்பாதைக் கூறுகளை வெளியிடுகிறது. அமெரிக்காவின் தாரை உந்துகை ஆய்வகத்தின் 'ஒரைசன்சு' அமைப்பு, பயனர் தரும் இடத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப அட்டவணை தருகிறது. ஸ்டெல்லேரியம் போன்ற கட்டற்ற மென்பொருட்கள் இதே கூறுகளைப் பயன்படுத்தி வானத்தைத் திரையில் வரைகின்றன.

அட்டவணையைப் பயன்படுத்துவோர் இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, நேரம். அட்டவணைகள் பொதுவாக அனைத்துலக நேரத்தில் தரப்படும். இந்திய நேரம் அதனைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. அட்டவணையில் 0 மணி என்றிருந்தால் அது இந்தியாவில் காலை 5.30 ஆகும். நாளொன்றுக்கு 6 பாகை நகரும் வால்வெள்ளிக்கு, இவ்வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால் ஏறத்தாழ 1.4 பாகை பிழை உண்டாகும். இது முழுநிலவின் அகலத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

இரண்டாவது, சுற்றுப்பாதைக் கூறுகளின் புதுமை. வால்வெள்ளியின் உட்கரு ஞாயிற்றின் வெப்பத்தால் வளிமத்தையும் தூசியையும் வெளியேற்றும். அவ்வெளியேற்றம் ஒரு சிறு உந்துபொறியைப்போல் செயற்பட்டுப் பாதையைச் சற்று மாற்றும். கோள்களின் ஈர்ப்பும் பாதையை மாற்றும். எனவே மென்பொருளில் முன்னரே பதிந்துள்ள பழைய கூறுகளை நம்பாமல், புதிய கூறுகளைத் தரவிறக்கிக்கொள்வது நன்று.

திருச்சிராப்பள்ளியின் அமைவிடம்

திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ 10.8 பாகை வடக்கு அகலாங்கிலும் 78.7 பாகை கிழக்கு நெட்டாங்கிலும் அமைந்துள்ளது. இந்திய நேரம் 82.5 பாகை நெட்டாங்குக்கு உரியது. எனவே ஊரின் உள்ளூர் நேரம் கடிகார நேரத்தைவிட ஏறத்தாழ 15 நிமிடம் பிந்தியது. காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகம் ஏறத்தாழ இதே நெட்டாங்கில், 12.6 பாகை வடக்கில் உள்ளது.

இவ்வகலாங்கிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன.

வான வடமுனை தொடுவானத்திலிருந்து 10.8 பாகை உயரத்தில் இருக்கும். துருவ விண்மீன் தாழ்வாக, வட தொடுவானத்துக்குச் சற்று மேலே காணப்படும்.

ஒரு பொருள் அடையக்கூடிய பெரும உயரக்கோணத்தைக் காண, அகலாங்குக்கும் நடுவரை விலக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை 90-இலிருந்து கழிக்க வேண்டும். +12 பாகை விலக்கமுள்ள மகம் விண்மீன், ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலே கடந்து செல்லும்.

தெற்கே −79 பாகை விலக்கம் வரையுள்ள வானம், கொள்கையளவில் இங்கிருந்து தெரியும். 1986 ஏப்ரல் 11 அன்று ஏலி வால்வெள்ளி புவிக்கு மிக அருகில் (0.42 வானியல் அலகு) வந்தபோது அதன் விலக்கம் ஏறத்தாழ −47 பாகை. இலண்டனில் அது அப்போது உதிக்கவேயில்லை. திருச்சிராப்பள்ளியில் அதன் பெரும உயரக்கோணம் 32 பாகை.

ஞாயிறு இங்கு ஏறத்தாழ செங்குத்தாக மறைகிறது. எனவே அந்திக்கருக்கல் நேரம் குறைவு. ஞாயிறு மறைந்து ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் முழு இருள் சூழும். ஞாயிற்றுக்கு அருகில் உள்ள வால்வெள்ளிகளைக் காண இது வாய்ப்பான அமைப்பு. ஐரோப்பிய நாடுகளில் ஞாயிறு சாய்வாக மறைவதால், இத்தகைய வால்வெள்ளிகள் நீண்ட அந்தி ஒளியில் மூழ்கிவிடுவதுண்டு.

எடுத்துக்காட்டு: 2024 அக்டோபர் 15

சுசின்சான்-அட்லசு வால்வெள்ளி (சி/2023 ஏ3), சீனாவின் பர்ப்பிள் மவுண்டன் வானாய்வகத்தாலும் தென்னாப்பிரிக்காவில் உள்ள அட்லசு தொலைநோக்கியாலும் 2023-இல் கண்டறியப்பட்டது. 2024 செப்டம்பர் 27 அன்று அது ஞாயிற்றிலிருந்து 0.39 வானியல் அலகு தொலைவில் சென்றது. அந்நாட்களில் விடியற்காலையில் கிழக்கே தெரிந்தது. பின்னர் ஞாயிற்றின் ஒளியில் மறைந்து, அக்டோபர் 12 அளவில் புவிக்கு மிக அருகில் வந்து, மாலையில் மேற்கு வானில் தோன்றியது. பதினைந்து நாட்களுக்குள் காலை வானிலிருந்து மாலை வானுக்கு மாறியதால், அட்டவணை இல்லாமல் தேடியவர்கள் தவறான பொழுதில், தவறான திசையில் தேடக்கூடிய நிலை இருந்தது.

அக்டோபர் 15 அன்று அது எம்5 என்ற விண்மீன் கொத்துக்கு அண்மையில் இருந்தது. எம்5-இன் வல ஏற்றம் 15 மணி 19 நிமிடம்; நடுவரை விலக்கம் +2.1 பாகை. கணக்கு எளிமையாக அமைய இவ்வெண்களையே கொண்டு, அன்று மாலை 6.45 மணிக்குத் திருச்சிராப்பள்ளியில் அதன் இருப்பிடத்தைக் காணலாம்.

1. இந்திய நேரம் மாலை 6.45 என்பது அனைத்துலக நேரம் 13.15 மணி.
2. அப்போது கிரீன்விச்சில் விண்மீன் நேரம் 14 மணி 53 நிமிடம். விண்மீன் நேரம் என்பது அவ்வேளையில் உச்சிவட்டத்தைக் கடக்கும் விண்மீன்களின் வல ஏற்றம் ஆகும்.
3. திருச்சிராப்பள்ளியின் நெட்டாங்கு 78.7 பாகையை 15-ஆல் வகுத்தால் 5 மணி 15 நிமிடம். இதனைக் கூட்டினால் உள்ளூர் விண்மீன் நேரம் 20 மணி 8 நிமிடம்.
4. இதிலிருந்து வல ஏற்றத்தைக் கழித்தால் 4 மணி 49 நிமிடம். இது மணிக்கோணம் ஆகும், பாகையில் 72.3. நேர் எண்ணாதலால் பொருள் உச்சிவட்டத்தைக் கடந்து மேற்கே சென்றுவிட்டது.
5. உயரக்கோணத்தின் சைன் = (அகலாங்கின் சைன் × விலக்கத்தின் சைன்) + (அகலாங்கின் கொசைன் × விலக்கத்தின் கொசைன் × மணிக்கோணத்தின் கொசைன்). எண்களை இட்டால் 0.30, உயரக்கோணம் ஏறத்தாழ 18 பாகை.
6. இதேபோல் திசைக்கோணம் ஏறத்தாழ 269 பாகை எனக் கிடைக்கும். அதாவது ஏறக்குறைய நேர் மேற்கு.

அன்று ஞாயிறு மறைந்தது மாலை 6 மணிக்குச் சற்று முன்பு. ஆகவே 6.45 மணிக்கு வானம் ஓரளவு இருண்டிருக்கும். அவ்விடம் தொடுவானத்தில் மறைவது இரவு 8 மணியளவில். எனவே காணக்கூடிய நேரம் ஒன்றேகால் மணி மட்டுமே.

கணிப்பு சரியாக இருந்தும் வானம் மறைக்கலாம் என்பதற்கும் அந்நாள் சான்றாகும். 2024 அக்டோபர் 15 அன்றே வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. 1872-இல் சென்னையில் வால்வெள்ளியை மறைத்ததும் இதே பருவத்து மேகமே. அத்துடன் அக்டோபர் 17 முழுநிலவு நாளாதலால் நிலவொளியும் மிகுந்திருந்தது.

திருவரங்கத்தின் தொடுவானம்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக்கும் திருவரங்கம் கோயிலுக்கும் இடையே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவே உள்ளது. அகலாங்கு வேறுபாடு ஏறத்தாழ 0.03 பாகை. வால்வெள்ளியின் உயரக்கோணமும் அதே அளவே மாறும். இதனைக் கண்ணால் உணர முடியாது. எனவே திருச்சிராப்பள்ளிக்குக் கணித்த அட்டவணை திருவரங்கத்துக்கும் முழுமையாகப் பொருந்தும். இடத்துக்கு இடம் வேறுபடுவது தொடுவானமே.

மேற்கண்ட எடுத்துக்காட்டில் வால்வெள்ளி 18 பாகை உயரத்தில் இருந்தது. கோயிலைச் சூழ்ந்த வீதி ஒன்றில் நிற்பவருக்கு, 20 மீட்டர் தொலைவில் 7 மீட்டர் உயரமான மாடிவீடு மேற்கே இருந்தால், அது கண்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 15 பாகையை மறைக்கும். வால்வெள்ளி பத்தே நிமிடத்தில் வீட்டுக்குப் பின்னால் சென்றுவிடும். 72 மீட்டர் உயரமுள்ள இராசகோபுரம் மிகப் பெரியதாயினும், ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்து நோக்கினால் 4 பாகை உயரமே கொள்ளும். அக்கோபுர உச்சியின் அளவுக்கு வால்வெள்ளி தாழ இரவு 7.40 மணி ஆகும். ஆகவே எதிரே உள்ள தடையின் உயரத்தைவிட, அதன் தொலைவே பெரும்பாலும் முதன்மையானது.

ஞாயிற்றுக்கு அருகில் உள்ள வால்வெள்ளிகள் மாலையில் மேற்கிலும் விடியலில் கிழக்கிலும் தாழ்வாகத் தோன்றும். இவ்விரு திசைகளிலும் திறந்த வெளி வேண்டும். காவிரி முக்கொம்பில் கொள்ளிடத்திலிருந்து பிரிந்து, திருச்சிராப்பள்ளிக்கும் திருவரங்கத்துக்கும் இடையே ஏறத்தாழ மேற்கிலிருந்து கிழக்காகக் கல்லணை நோக்கிப் பாய்கிறது. எனவே ஆற்றின் வழியே நோக்கினால் அருகில் கட்டடங்கள் இல்லாத தொடுவானம் கிடைக்கிறது. திருவரங்கத்தின் அம்மா மண்டபம் படித்துறையில் ஆற்றை நோக்கி நின்றால் முகம் தெற்கே இருக்கும். வலக்கைப் பக்கம் மேற்கு, இடக்கைப் பக்கம் கிழக்கு. நகரத்தின் விளக்கொளி தெற்கே இருப்பதால், தென்வானில் தாழ்வாக உள்ள வால்வெள்ளிக்கு இவ்விடம் ஏற்றதன்று.

ஒளிர்வு

வால்வெள்ளியின் ஒளிர்வு ஒளிர்வெண்ணால் குறிக்கப்படும். எண் குறையக் குறைய ஒளி மிகும். ஐந்து ஒளிர்வெண் வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாட்டுக்கு ஈடாகும். இவ்வளவீட்டை 1856-இல் முன்மொழிந்தவர், பின்னர் சென்னையில் பணியாற்றிய போக்சனே ஆவார்.

நல்ல இருளில் வெறுங்கண்ணுக்கு ஆறாம் ஒளிர்வெண் வரை தெரியும். நகரில் இவ்வெல்லை வெகுவாகக் குறையும். மேலும், விண்மீனின் ஒளி ஒரு புள்ளியில் குவிந்திருக்கும். வால்வெள்ளியின் ஒளியோ பரந்த பரப்பில் சிதறியிருக்கும். எனவே ஒரே ஒளிர்வெண் உடைய விண்மீனைவிட வால்வெள்ளி மங்கலாகத் தோன்றும். தொடுவானத்துக்கு அருகில் வளிமண்டலமும் ஒளியைக் குறைக்கும். 5 பாகை உயரத்தில் உள்ள பொருளின் ஒளி, உச்சியில் உள்ளதைவிடப் பத்து மடங்கு அடர்ந்த காற்றைக் கடந்து வருகிறது. அட்டவணையில் ஒளிர்வெண் 4 எனக் கண்டு ஆற்றங்கரைக்குச் செல்பவர், இருகண்நோக்கியுடன் (பைனாகுலர்) செல்ல வேண்டும்.

இருப்பிடத்தைப் போன்று ஒளிர்வைத் துல்லியமாக முன்கணிக்க இயலாது. இருப்பிடம் ஈர்ப்பு விதியைப் பின்பற்றுகிறது. ஒளிர்வோ உட்கருவிலிருந்து எவ்வளவு பனியும் தூசியும் வெளியேறும் என்பதைப் பொறுத்தது.

தேடும் முறை

1. அன்றைய வல ஏற்றம், நடுவரை விலக்கம் ஆகியவற்றை நேரத்துடன் குறித்துக்கொள்ள வேண்டும்.
2. அவற்றை உயரக்கோணம், திசைக்கோணமாக மாற்ற வேண்டும். மென்பொருளைப் பயன்படுத்துவோர் அதில் இடம் திருச்சிராப்பள்ளி எனவும் நேரவலயம் இந்திய நேரம் எனவும் அமைந்துள்ளதா எனச் சரிபார்க்க வேண்டும்.
3. கையை முழுவதும் நீட்டினால் மூடிய கைமுட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. சுண்டுவிரலின் அகலம் 1 பாகை. 18 பாகை என்பது இரண்டு முட்டிக்குச் சற்றுக் குறைவு.
4. கண்கள் இருளுக்குப் பழக இருபது நிமிடமேனும் ஆகும். அதுவரை கைப்பேசித் திரையைப் பார்க்காதிருத்தல் நன்று.
5. அருகில் உள்ள ஒளிமிகு விண்மீனை முதலில் கண்டு, அங்கிருந்து வால்வெள்ளியின் இடத்துக்கு நகர வேண்டும்.
6. வால் எப்போதும் ஏறத்தாழ ஞாயிற்றுக்கு எதிர்த் திசையில் நீளும். ஆதலால் மாலையில் மேற்கே தெரியும் வால்வெள்ளியின் வால் மேல்நோக்கி இருக்கும்.
7. கண்ட பொருள் வால்வெள்ளிதானா என உறுதி செய்ய, விண்மீன்களிடையே அதன் இடத்தைத் தாளில் வரைந்து, மறுநாள் ஒப்பிட வேண்டும். விண்மீன் கொத்தும் ஒண்முகிலும் இடம் மாறா, வால்வெள்ளி மாறும்.

ஞாயிறு முழுவதும் மறைவதற்கு முன்னரோ உதித்த பின்னரோ இருகண்நோக்கியால் அப்பகுதியைத் துழாவுதல் கூடாது. ஒரு நொடிப் பார்வையும் கண்ணுக்கு நிலையான கேடு விளைவிக்கும்.

பருவமும் முக்கியமானது. அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மேகம் மிகும். சனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள மாதங்களில் தெளிந்த வானம் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. திருச்சிராப்பள்ளியில் புதுக்கோட்டைச் சாலையில் விமான நிலையத்துக்கு அண்மையில் உள்ள அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம், விண்மீன் குழுக்களை அடையாளம் காணப் பழக விரும்புவோருக்கு உதவும்.

தமிழ்நாட்டுடன் தொடர்புடைய பிற வால்வெள்ளிகள்

1910-இல் ஏலி வால்வெள்ளி தோன்றியபோது புதுச்சேரியில் இருந்த சுப்பிரமணிய பாரதி, 'சாதாரண வருஷத்துத் தூமகேது' என்ற பாடலை இயற்றினார். சாதாரண என்பது அத்தமிழ் ஆண்டின் பெயர்.

காவலூர் வானாய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்பு, 1949-இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடித்தார். அது பாப்பு-போக்-நியூகிர்க் (சி/1949 என்1) எனப் பெயர் பெற்றது. 1872-ஆம் ஆண்டு வால்வெள்ளியைப் போலன்றி, இதன் இருப்பிடம் தொடர்ந்து அளக்கப்பட்டுச் சுற்றுப்பாதை கணிக்கப்பட்டது. அது மீண்டும் வரப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும்.

ஏலி வால்வெள்ளி அடுத்து 2061 சூலை 28 அன்று ஞாயிற்றுக்கு மிக அருகில் வரும். அந்நாட்களில் அது திருச்சிராப்பள்ளியின் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதை இக்கட்டுரையில் தரப்பட்ட அதே முறையால் இன்றே கணித்துக்கொள்ளலாம்.